அந்த நூறு வோல்ட்

மீட்டரின் முள் முந்நூற்றைம்பது வோல்ட்டில் போய் நின்றது. சர்க்கியூட் படத்தில் இருநூற்றைம்பது என்றுதான் போட்டிருந்தது. தவராசா ரேடியோவை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே முந்நூற்றைம்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. கடல் கடந்து வந்து ஒனிஹங்காவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையலறை. இலங்கையில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் மின் பொறியியலாளராக இருந்தவர், இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டம் இந்த நாட்டில் செல்லாதாம். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரேடியோப் பட்டறை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் பட்டத்தைக் கேட்கவில்லை. கண்ணாடிக் குழல் வால்வுகள் கொண்ட பழைய ரேடியோ ஒன்றைக் கொடுத்து, "சனிக்கிழமைக்குள் சரிசெய்தால் வேலை" என்றார்.

நாளைக்குச் சனிக்கிழமை.

கண்டென்சர்களை மாற்றியாயிற்று. வால்வுகளை மாற்றியாயிற்று. கிழிந்த ஸ்பீக்கரை எறிந்துவிட்டுப் புதிது பூட்டியாயிற்று. ரேடியோ பாடத்தான் செய்தது. ஆனால் பத்து நிமிடத்தில் வால்வு தீய்ந்து நாறியது. அதிகமாக வரும் அந்த நூறு வோல்ட் எங்கிருந்து வருகிறது? மனிதருக்கு மண்டை குழம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஜோசபின் தேங்காய் துருவி இரவல் கேட்டு வந்தாள். மலேசியாக்காரி. மேசையில் ரேடியோவுக்குப் பூட்டியிருந்த புது ஸ்பீக்கரை எட்டிப் பார்த்தாள்.

"பழைய ஸ்பீக்கர் எங்கண்ணே?"

"நீங்கள் என்ன படிச்சனீங்கள்?" என்றார் தவராசா, தலையைத் தூக்காமலே.

"பாரம் மூணு, ஒம்பதாங் கிளாஸ்தான். பினாங்குல ரேடியோ பேக்டரியில எட்டு வருசம் காயில் சுத்தினேன்."

"படிச்ச எனக்கே இது விளங்கேல்ல, தங்கச்சி."

ஜோசபின் துருவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி புஷ்பவதி வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "இஞ்சருங்கோ, உங்களை ஆரும் மதிக்கேல்ல எண்டு ரெண்டு வருசமாப் புலம்புறியள். இப்ப நீங்கள் அந்தப் பிள்ளையைக் கேட்டது என்ன?"

தவராசாவுக்குச் சுருக்கென்றது. படத்தைப் பார்க்கப் பார்க்கக் கோடுகள்தான் கூடின. அரை மணி கழித்து, வெட்கத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ."

குப்பைத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பீக்கர் வந்தது. அதன் முதுகில் தடித்த கம்பிச்சுருள் ஒன்று இருந்தது.

"இந்த மாதிரி ஸ்பீக்கர்ல காந்தம் கிடையாதுண்ணே. இந்தக் காயில்ல கரண்டு போனாதான் காந்தம். போற வழியில நூறு வோல்ட்ட இது தின்னுரும். நீங்க இத எடுத்துட்டு வயர நேரா முறுக்கிட்டீங்க. அந்த நூறும் வால்வுக்குப் போயிருச்சு."

அறையளவு மோட்டர்களைப் பழுது பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. புது ஸ்பீக்கர் பாடட்டும் என்று விட்டு, பழையதன் காயிலை மட்டும் திரும்ப இணைத்தார்கள். முள் இருநூற்றைம்பதில் நின்றது.

மறுநாள் பட்டறைக்காரர் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். "காயிலை விட்டு வைக்க வேண்டும் என்று யார் கண்டுபிடித்தது?"

"நான்தான்" என்று நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடலாம்.

"பக்கத்து வீட்டுப் பெண்" என்றார்.

பட்டறைக்காரர் ரேடியோவின் பின்மூடியைத் திரும்பப் பூட்டினார்.

"திங்கட்கிழமை வா. அந்தப் பெண்ணையும் கூட்டி வா."

செய்தியைக் கேட்ட ஜோசபின் சிரித்தாள். "என் படிப்பு போதுமாண்ணே?"

"என்ர படிப்பைத் தள்ளினவைக்கு அந்த நோவு தெரியாது, தங்கச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே உங்களுக்குச் செய்தனான், அதுதான் பெரிய பிழை. இனி ஆரிட்டயும் என்ன படிச்சனீங்கள் எண்டு கேக்கமாட்டன். என்ன தெரியும் எண்டுதான் கேப்பன்."