ஒரு சோடிச் சப்பாத்துக்கு இரண்டு பேர்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் பழைய உடுப்புக் கடை ஒன்று இருந்தது. அந்தத் தேவாலயத்துப் பங்கைச் சேர்ந்த பெண்கள் நடத்துவது. ஊரார் வேண்டாமென்று கொடுத்த உடுப்பும் சப்பாத்தும் அங்கே சொற்ப விலைக்குக் கிடைக்கும். தொண்ணூற்று நான்காம் ஆண்டு தை மாதம், பேர்பெச்சுவாவின் குளிர்ச் சப்பாத்து காணாமல் போனது அங்கேதான்.

அவள் மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஜெர்மன் மொழி காதில் விழும், உள்ளே இறங்காது. அதனால் எங்கே போனாலும் மேல்மாடி அன்ரனிற்றா அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். அன்ரனிற்றா வந்து பல வருடமான பழைய ஆள். யாரோடும் மல்லுக்கட்டக்கூடிய ஜெர்மன் அவளிடம் இருந்தது.

பூசைக்குப் போட ஒரு கறுப்புச் சப்பாத்துப் பார்க்கத்தான் அன்று வந்தார்கள். பேர்பெச்சுவா தன் மண்ணிறக் குளிர்ச் சப்பாத்தைக் கழற்றி, உட்கார்ந்திருந்த மர வாங்கின் அடியில் வைத்தாள். கறுப்பைப் போட்டுக்கொண்டு மறுகோடியில் இருந்த கண்ணாடிவரை நடந்தாள். திரும்பி வந்தபோது வாங்கடியில் ஒன்றுமில்லை.

"அக்கா, என்ர சப்பாத்தைக் கண்டனீங்களோ?"

"எங்க கழட்டினனீர்?"

"உதிலதான் வைச்சனான்."

கடையைப் பார்த்துக்கொள்ளும் அன்னாவுக்கு எழுபது வயதிருக்கும். எந்தப் பொருளையும் கிடந்த இடத்தில் கிடக்கவிடமாட்டாள். யாரோ போட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போனது என்று நினைத்து, அதைத் துடைத்துத் தட்டில் அடுக்கியிருந்தாள். இப்போது தட்டிலும் அது இல்லை. காசு வாங்கும் மேசைக்கு முன்னால், நீல மேலங்கி போட்ட ஒரு பெண் அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

பேர்பெச்சுவா விரைந்து போய்ச் சப்பாத்தைத் தொட்டாள். "மைன," என்றாள். என்னுடையது என்று சொல்லத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண் தலையசைத்து மறுத்தாள். "மைன," என்று அவளும் சொன்னாள்.

ஒரே பொருளை வாங்க இருவர் போட்டி போடுகிறார்கள் என்று அன்னா நினைத்தாள் போலும். இன்னொரு சோடியைத் தூக்கி வந்து நடுவில் நீட்டினாள். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீல மேலங்கிக்காரி சப்பாத்தின் பக்கவாட்டுச் சிப்பை இழுத்துத் திறந்து உட்பக்கத்தைக் காட்டினாள். அங்கே பச்சை நூலால் போட்ட தடித்த தையல். பேர்பெச்சுவாவின் கணுக்கால் தினமும் உரசுகிற தையல்தான் அது. அந்தப் பெண் அதைத் தடவித் தடவி ஏதோ வேகமாகச் சொன்னாள். கண்கள் நிறைந்துவிட்டன. 'ஃபாட்டர்' என்ற ஒரு சொல் மட்டும் பேர்பெச்சுவாவுக்குப் பிடிபட்டது. அப்பா. சப்பாத்துக்குள் அப்பா எங்கிருந்து வந்தார்? இவள் பொலிசைக் கூப்பிட்டால் தன் அகதி வழக்கு என்னாகும்?

அன்ரனிற்றா இடையில் புகுந்து சண்டைக்குரலில் தொடங்கினாள். கேட்கக் கேட்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இவ லிடியாவாம். கசகஸ்தானில ரஷ்யப் பாஷை பேசி வளந்து, இங்க திரும்பி வந்த ஜெர்மன் பரம்பரை ஆக்கள். உது இவவின்ர சப்பாத்தாம். அங்க இருந்து வெளிக்கிடேக்க, கிழிஞ்ச இடத்தைத் தகப்பன் உந்தப் பச்சை நூலால தைச்சுக் குடுத்ததாம். மனுசன் அங்கயே செத்துப்போச்சாம். இங்க வந்து வீடு மாறேக்க, தானம் குடுக்கிற பையோட உதுவும் மாறிப் போட்டுதாம். அண்டு தொடக்கம் உப்பிடிக் கடையள் முழுக்கத் தேடித் திரியிறாவாம்."

"அப்ப நான் களவெடுத்தனான் எண்டுறாவோ?"

"சீ! உம்மட காலில கிடந்ததெண்டே இப்பதான் அவவுக்குத் தெரியும்."

"நான் போன குளிருக்கு இதே கடையில காசு குடுத்து வாங்கினனான் அக்கா."

"அதுவும் சொல்லிப்போட்டன்."

"அப்ப உது ஆற்ற சப்பாத்து?"

பேர்பெச்சுவா சப்பாத்தையும் லிடியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். விடியுமுன் வேலைக்குப் போன பனியெல்லாம் அந்தச் சப்பாத்தோடு நடந்த பனி. இரண்டு பேரில் ஒருத்தி பிழையாக இருக்கவேண்டும். யார் என்றுதான் தெரியவில்லை.

"கொண்டு போகச் சொல்லுங்கோ அக்கா."

"உமக்கென்ன விசரே? பனிக்க எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவீர்?"

ஆனாலும் அன்ரனிற்றா சொன்னாள். லிடியா உடனே வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள். குதி வெளியே வந்தது. மறுபடி நடந்தாள், மறுபடி வந்தது. பேர்பெச்சுவாவின் அகலப் பாதம் சப்பாத்தைத் தன் பாட்டுக்கு விரித்துவிட்டிருந்தது. லிடியா குனிந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கழற்றிக் கொண்டுவந்து பேர்பெச்சுவாவின் கால்மாட்டில் வைத்தாள். பேர்பெச்சுவா அதை அவள் பக்கம் தள்ளினாள். அவள் இந்தப் பக்கம் தள்ளினாள்.

"தள்ளித் தள்ளியே தேய்ச்சுப்போடுவியள் போல," என்றாள் அன்ரனிற்றா.

அன்னாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் சிவந்து, எல்லாம் தன்னால் வந்தது என்று ஏதோ முணுமுணுத்தாள். பழைய பேப்பர் எடுத்துச் சப்பாத்தைச் சுற்றி லிடியாவின் கையில் கொடுத்தாள். தீர்ப்புச் சொல்லிக் கொடுத்தாளா, லிடியா பக்கத்தில் நின்றதால் கொடுத்தாளா என்பது யாருக்கும் தெரியவில்லை. கறுப்புச் சப்பாத்துக்கு அவள் காசு வாங்கவில்லை.

வெளியே நிலம் உறைந்து கிடந்தது. கறுப்புச் சப்பாத்தின் அடி வழுவழுப்பு. பேர்பெச்சுவா வாசலிலேயே வழுக்கினாள். லிடியா ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் அவள் முழங்கையுமாக ட்ராம் தரிப்புவரை பிடித்துக்கொண்டு வந்தாள். வழிமுழுக்கப் பேசினாள். அது ஜெர்மனா ரஷ்யனா என்றுகூட பேர்பெச்சுவாவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "ஓம், ஓம்," என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். தரிப்பில் லிடியா அவளைக் கட்டிப்பிடித்தாள். இருவருக்கும் நடுவில் பொட்டலம் நசுங்கியது.

ட்ராமில் ஏறி இருந்ததும் பேர்பெச்சுவா கேட்டாள்.

"அக்கா, இப்ப நான் குடுத்தனானோ, அவ எடுத்தவவோ?"

"உமக்கே தெரியேல்லையெண்டா எனக்கு என்னண்டு தெரியும்?"

வேலைக்கு அன்ரனிற்றாவின் பழைய சோடி ஒன்று கிடைத்தது. அளவு பெரிது, நுனியில் துணி திணித்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கறுப்புச் சப்பாத்தோடு போனாள். பக்கத்து வரிசையில் ஒரு ஜெர்மன் கிழவி செபப் புத்தகத்தை எடுக்கக் குனிந்து, எங்கோ கண்டதுபோல அந்தக் கறுப்புச் சப்பாத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர்பெச்சுவா மெல்லக் கால்களை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.