'எல்' என்றால் லாங் காஸ்ட்

செங்கல்பட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா, தூண்டில் போட்டு மீன் பிடித்ததைவிட, தூண்டில் நூலைச் சுற்றும் ரீலைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ரீலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் பார்த்தால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்வார். அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் யாரும் அவரைக் கேட்காமல் ரீல் வாங்குவதில்லை. "எச்ஜின்னா ஹை கியர், சீக்கிரம் சுத்தும். எஸ்ஸுன்னா நூல் சுத்துற ஸ்பூல் ஆழம் கம்மி, மெல்லிசு நூலுக்கு" என்பார். அது சரிதான். ஆனால் தெரியாத எழுத்து வந்தாலும் அதே குரலில்தான் சொல்வார்.

மார்ச்சில், தூண்டில் கம்பின் மேல் உருளை மாதிரி உட்காரும் டிரம் ரீல் ஒன்றை வரவழைத்தார். மாடல் எண்ணின் கடைசியில் 'எல்' என்று இருந்தது. "எல்லுன்னா லாங் காஸ்ட். வீசினா இலங்கையில போய் விழும்" என்று பெட்டியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

பெட்டியைப் பிரித்ததும் மனைவி ஜஹனாரா கேட்டார்: "இன்னாங்க, கைப்பிடி இடது பக்கம் கீது? எல்லுன்னா லெஃப்ட்டா இருக்கப் போவுது."

"உனக்கு இன்னா தெரியும்? கழட்டி மாத்திக்கலாம்."

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைப் பக்கம் மாற்றலாம். டிரம் ரீலில் முடியாது. அரை நாள் ஸ்க்ரூடிரைவரோடு மல்லுக்கட்டிய பிறகு அவருக்கே அது விளங்கியது. திருப்பி அனுப்பினால் விஷயம் குழுவுக்குத் தெரிந்துவிடும் என்று அதையே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனார். குழுவில் இருந்த, தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜான்சனும் அவன் நண்பன் குமாரும் கூட வந்தார்கள். முதல் வீச்சிலேயே பெரிய கொடுவா ஒன்று இரையைக் கவ்வியது. ஷஃபியுல்லாவின் வலது கை, பழக்கதோஷத்தில், அங்கே இல்லாத கைப்பிடியைத் தேடியது. காற்றை இரண்டு சுற்று சுற்றினார். நூல் தொய்ந்தது. மீன் தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டது.

"இன்னா பாய், கைப்பிடி அந்தப் பக்கம் கீது?" என்றான் ஜான்சன்.

ஷஃபியுல்லா கொஞ்சமும் அசரவில்லை. "எல்லுன்னா லெஃப்ட். வேணும்னேதான் வாங்கினேன். பலமான கை ராடைப் புடிக்கணும், பீச்சாங்கை சுத்தணும். விவரம் தெரிஞ்சவன்லாம் இப்ப அப்படித்தான்."

"குரூப்புல லாங் காஸ்ட்டுன்னு போட்டிருந்தியே?"

"அது வேற கம்பெனிக்கு."

இருவரும் நம்பினார்கள். அடுத்த வாரமே ஆளுக்கொரு 'எல்' வாங்கினார்கள்.

அதற்கடுத்த தடவை கடப்பாக்கம் கடற்கரை. ஜான்சனும் குமாரும் இடது கையால் தட்டுத்தடுமாறிச் சுற்ற, இரண்டு ரீலிலும் நூல் குருவிக்கூடாகச் சிக்கியது. பக்கத்தில் ஷஃபியுல்லா ஒரு புது ரீலை, வலது கையால், ஒய்யாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜான்சன் கிட்டே போய்ப் பார்த்தான்.

"பாய், இதுல எழுத்தே காணோம்?"

"எழுத்து இல்லாததுதான்டா டாப் மாடல். கத்துக்குட்டிங்களுக்குத்தான் எழுத்து போட்டு விளக்கணும்."

ஜான்சன் தன் ரீலைப் பார்த்தான். பிறகு குமாரைப் பார்த்தான். "குமாரு, இப்பத்தான்டா அர்த்தம் புரியுது. எல்லுன்னா லூசு. ஆளுக்கொண்ணு வாங்கிகினோம்."

இருவரும் சிக்கலை அறுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு பரோட்டா சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுக்கொண்டே குழுவிலிருந்தும் விலகினார்கள். அன்று மாலை ஷஃபியுல்லா, கடப்பாக்கத்தில் சிக்கிய நூலையே சாட்சியாக வைத்து, புதியவர்கள் ஏன் 'எல்' வாங்கக் கூடாது என்று நீளமாக ஒரு குரல் பதிவு போட்டார். அது வேறு குழுக்களுக்கும் பரவ, அதைக் கேட்டு ஏழெட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், கடப்பாக்கத்தில் மீன் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். அவரை ஷஃபியுல்லா குழுவைவிட்டு நீக்கினார்.