பின்பக்கச் சந்து

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், தன் மளிகைக்கடைக்குப் பின்னால் யாரோ விழும் சத்தம் கேட்டு ஜம்புலிங்கம் எழுந்து ஓடினார். சந்துச் சேற்றில் சந்திரலேகா கிடந்தாள். அதே தெருக்காரி; பீங்கான் கம்பெனியில் வேலை. அங்கிருந்து கொண்டுவந்து கொட்டிய உடைசல் அவள் முழங்காலைக் கிழித்திருந்தது. அவளோ ரத்தத்தைப் பார்க்காமல், சிதறிய சோப்பையும் பருப்புப் பாக்கெட்டையும் முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

ஜங்ஷன் ரோட்டில் சூப்பர் மார்க்கெட் திறந்ததிலிருந்தே இந்தச் சந்தில் நடமாட்டம் கூடியிருந்தது. தெருக்காரர்கள் மாதச் சாமானை அங்கே வாங்கிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் வீடு போய்ச் சேர இப்படிச் சுற்றிப் போனார்கள். அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலையில் அதே ஆட்கள் கடைக்கு வந்து, தேவையே இல்லாமல் ஒரு தீப்பெட்டியோ கொஞ்சம் சீரகமோ வாங்குவார்கள். கடை அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பாக்கெட்டுகளைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்துப் பையில் போட்டார். அவளைக் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டிவந்து காயத்தைக் கழுவிக் கட்டினார்.

“அங்க கொஞ்சம் கொறச்சிக் குடுக்குறாங்கண்ணே. அதான்…” என்றாள் தலையைத் தூக்காமல்.

“எனக்கே ஏஜெண்டு அந்த வெலைக்குத் தரமாட்டேங்குறான். ஒன்ன என்னம்மா சொல்றது? இனிமே சந்துல போவாதீங்க. தெருவுலயே போங்க. எல்லாருகிட்டயும் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

அவள் அழுதுவிட்டாள்.

சொன்னபடியே எல்லோரும் தெருவழியாக வந்தார்கள். முதலில் கூச்சத்தோடு, பிறகு சிரித்துக்கொண்டே. “இன்னாண்ணே, சாப்ட்டாச்சா?” என்று பையும் கையுமாக நின்று பேசினார்கள். அப்படி முகம் பார்த்துப் பேசிவிட்ட பிறகு, மறுநாள் தீப்பெட்டி வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளிவரை அவர் மனைவி சிந்தாமணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு, காலியாகிப்போன அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வெக்கப்பட்டாவது வந்துகிட்டு இருந்தாங்க. அதையும் நீங்களே போக்கி உட்டுட்டீங்க.”

அவர் துணியை எடுத்து அந்த அலமாரியைத் துடைத்தார்.

ஒருநாள் சந்திரலேகா வேகமாக வந்தாள். “அண்ணே, கொழாயில தண்ணி வந்துட்டுதாம். இத செத்தப் பாத்துக்குங்க.” சூப்பர் மார்க்கெட் பையைக் கடைப்பலகைமேல் வைத்துவிட்டு ஓடினாள். பின்னால் வந்த அதே தெருத் தங்கம்மாளும் தன் பையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீரைக்கட்டை ஓர் ஆடு எட்டி இழுத்தது. ஜம்புலிங்கம் எழுந்து கையை ஓங்கி விரட்டினார். அது கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றது. அவர் உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.