அலசியும் போகாத நுரை

அம்மாவின் ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் கூடுதலாக இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். "இது நோயில்லம்மா. வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டினா போதும்" என்றார் டாக்டர். அம்மா சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, தங்கும் விடுதியின் சலவை அறைக்கு வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

வீட்டில் கழிவறை கழுவுவது என் பொறுப்பு. ஒருநாள் காலை உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"ஏண்டி, பவுடரைப் போட்டா ஒழுங்கா அலசி விடமாட்டியா? நுரை அப்படியே நிக்குது பாரு!"

இரண்டு வாளி ஊற்றினேன். மறுநாளும் திட்டு. நான்கு வாளி ஊற்றினேன்.

"இந்த லட்சணத்துல எந்த வீட்ல போய்க் குப்பை கொட்டப்போற நீ?"

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவுடர் போடுவதையே நிறுத்தினேன். வெறும் தண்ணீரும் பிரஷும்தான். அப்போதும் அம்மா போய்விட்டு வந்தால் நுரை இருந்தது. நான் போனால் இல்லை. மாலையில் அவள் செருப்பைக் கழற்றினால் காலில் வார் பதிந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "உனக்கு என்ன தெரியும்?" என்பாள்.

அடுத்த திட்டு விழுந்தபோது, பிரிக்காத பவுடர் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"ஒரு வாரமா பவுடரே போடலம்மா."

"நுரையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? இருபது வருஷமா அதுலதான் நிக்கிறேன்."

"நீ போனா மட்டும்தான் வருது."

அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை.

டாக்டர் சோதனைத் தாளை வெகுநேரம் பார்த்தார். "சிறுநீரகம் அடிபட்டிருக்கும்மா. சிறுநீர்ல சத்து ஒழுகுது, அதான் இப்படி நுரைக்குது. அந்தப் புரதம் செஞ்ச வேலையா இருக்கலாம். திசு எடுத்துப் பார்க்கணும்."

"நோயில்லைன்னீங்களே?" என்றாள் அம்மா.

"நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு இப்படி ஆயிடுது." குரல் தணிந்திருந்தது. "போனது முழுசாத் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம். நுரை எப்போலேருந்து?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இவளைக் கேளுங்க."

"பதினெட்டு நாளா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

அம்மாதான் பதில் சொன்னாள்.

"அன்னிக்குத்தான் சார் நான் இவளைத் திட்ட ஆரம்பிச்சேன்."