கூஜாத் தண்ணீர்

சேஷகிரியின் பழைய ஆஸ்டின் கார் ஹெசரகட்டா ஏரிக்கரை வரை வந்து சேர்ந்ததே பெரிய காரியம். கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கலாம் என்பது, அவனோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மர்பி டவுன் தியோடரின் யோசனை. மல்லேஸ்வரத்து வீட்டை விட்டதிலிருந்து குமட்டிக்கொண்டே வந்த சேஷகிரியின் மனைவி ராஜலக்ஷ்மியின் தலையை, வழியெல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள் தியோடரின் மனைவி பிரிஜெட்.

ஆண்கள் முளையடித்துக்கொண்டிருந்தபோது, ராஜலக்ஷ்மி தன் கூஜாவில் பிரிஜெட் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்தாள். அவள் நகர்ந்ததும் புதரோரம் போய் மொத்தத் தண்ணீரையும் கொட்டினாள். எச்சில் எச்சில்தானே, சொந்தத் தம்பி வாய் வைத்திருந்தாலும் கொட்டியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். தம்பி வாய் வைத்ததை எத்தனையோ முறை குடித்திருக்கிறாள்.

"ராஜி, கொஞ்சம் ஜலம் குடு" என்று சேஷகிரி வந்து நின்றபோதுதான், குடிக்க வேறு தண்ணீர் இல்லை என்பது உறைத்தது. எதிரே ஏரி பரந்து கிடந்தது. ஆனால் மே மாதத்தில் கரையெல்லாம் சேறும் எருமையும்.

"நான்தாண்ணா மூடியைச் சரியா திருகாம வச்சுட்டேன், கொட்டிப்போச்சு" என்றாள் பிரிஜெட்.

"எல்லாத்துலயும் உனக்கு அவசரம்!" என்று தியோடர் எரிந்து விழுந்தான்.

ராஜலக்ஷ்மி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிரிஜெட் கூஜாவை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஊரைப் பார்த்து நடந்தாள்.

முகம் சிவந்து, வியர்வையில் நனைந்து திரும்பி வந்தாள். கூஜாவை ராஜலக்ஷ்மியின் கையில் கொடுக்காமல் எதிரே தரையில் வைத்தாள்.

"கௌடர் வீட்டம்மா கையாலதான் மொண்டு ஊத்தினாங்க அக்கா. உள்ள நான் தொடல" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். ராஜலக்ஷ்மிக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. சட்டென்று கூஜாவை எடுத்து, விளிம்பில் வாய் வைத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு நீட்டினாள்.

"நீயும் குடி, பிரிஜெட். இப்படியே குடி."

"வேணாங்க்கா. கெணத்தாண்டயே கையில ஊத்தினாங்க, ஏந்திக் குடிச்சுட்டேன்."