கழுவி வைத்த பாட்டில்கள்

...குப்பையைப் போய் யாராவது கழுவி வைப்பார்களா, அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, ஒன்பது வருடமாக இந்தக் கேளிக்கைப் பூங்காவின் பின்புறக் கொட்டகையில் குப்பை பிரிக்கிறாள், பாதி தின்ற பர்கரையும் நனைந்த டயப்பரையும் ஐஸ்கிரீமில் ஊறி ஈ மொய்த்த காகிதத்தையும் கையால் அள்ளியவள், அதற்கெல்லாம் புரட்டாத வயிறு சோப்பு வாசனை அடிக்கும் பாட்டில்களைக் கண்டா புரட்ட வேண்டும்? சுற்றுச்சூழல் விருது கொடுக்கிறவர்கள் பார்வையிட வருகிறார்களாம். காலையிலேயே சூப்பர்வைசர் நிஜக் குப்பையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கழுவிய பாட்டில்களைப் பரப்பச் சொன்னார், "மூக்குல துணி கட்டாதீங்கம்மா, நாத்தம்னு நெனச்சுக்குவாங்க"... தூ. வாசலில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தொட்டிகள், ஜனங்களும் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார்கள், ஒரு தகப்பன் மகளைத் தூக்கிப்பிடித்து ஸ்ட்ராவை நீலத்தில் போடவைத்துக் கைதட்டினானே, பாவி மனுஷன், மூன்றும் ஒரே லாரியில்தான் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும், கொட்டகைக்கு வருவது கொஞ்சம், மிச்சமெல்லாம் மதிலுக்கு வெளியே குழியில், மேலே மண்ணைத் தள்ளினால் ஆயிற்று...

வந்துவிட்டார்கள், நான்கு பேர், நான்கு ஜோடி வெள்ளை ஷூ. அதில் ஓர் இளம்பெண் மட்டும் அவளருகே வந்து குனிந்தாள். "அக்கா, பயப்படாம சொல்லுங்க. எதையும் வெளிய கொண்டுபோய்ப் புதைக்கலையே?" சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், சொல்லிவிடலாமா, இப்போது விட்டால் எப்போது, இவ்வளவு மரியாதையாக இங்கே யார் அவளிடம் எதைக் கேட்டிருக்கிறார்கள்... "எதுவும் வெளிய போறதில்லம்மா," என்றாள், அதோடு நிறுத்தியிருக்கலாம், "மதிலுக்கு அந்தப் பக்கந்தான் என் தங்கச்சி வீடு. அவ கெணத்துத் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்கும்."

அந்தப் பெண் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். போய்விட்டார்கள். கண்ணாடி மாதிரியாமே... போன வாரம் தங்கை இறைத்த வாளியில் கறுப்பாகப் படலம் மிதந்தது, துணியை இரண்டாக மடித்து வடிகட்டியும் வாடை போகவில்லை, குழந்தை காலைச் சொறிந்து சொறிந்து ரத்தம், "அக்கா, நீ அங்கதானே வேல பாக்குற, ஒரு வார்த்த கேளேன்", "கேக்குறேன்டி" என்று சொல்லிவிட்டு வந்தாளே... கையை முகர்ந்தாள், சோப்பு வாசனை, சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். எதுவும் வெளியே போவதில்லை, சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு வரிதான். தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியாது. கிணற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காமலே வாயில் வந்துவிட்டது, தடுக்காமல், திக்காமல்... எத்தனை நாளாக அது நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தது?