டெண்டர் பெட்டிக்குப் போகும் பாதை

சவுசவு ஊரில் அரசாங்க வேலை செய்த அனுபவம் இல்லாத எவரும், டெண்டர் பெட்டியை நோக்கி நடந்தால், தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வார். ஐந்து வருடம் அரசாங்கத்துக்கு வேலை பார்த்தவர்தான் அரசாங்க வேலை கேட்கலாம் என்று விதி வந்த வருடத்திலிருந்து இப்படித்தான். அதற்கு முன்பு பாதை ஒழுங்காகத்தான் இருந்தது. சந்தையைத் தாண்டி, கடலோரமாகப் போய், மஞ்சள் கட்டடத்தின் படியேறினால் பெட்டி. விதி வந்தபின், பள்ளிச் சீருடை தைக்கும் லோசலினி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தையைத் தாண்டினாள், கடலோரமாகப் போனாள், படியேறினாள், கதவைத் திறந்தால் எதிரே அவளுடைய தையல் மிஷின். புல் வெட்டுகிறவர் ஒருவர் பஸ்ஸில் போய்ப் பார்த்தார். பஸ் அவரை அவர் வீட்டு மாமரத்தடியில் இறக்கிவிட்டது. டிரைவர் முழு டிக்கெட்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, பஸ் ஓடியது ஓடியதுதானே. கொஞ்ச நாளில் ஊர் பழகிக்கொண்டது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது சீக்கிரம் வீடு சேர வேண்டியவர்கள் கையில் ஒரு டெண்டர் உறையை எடுத்துக்கொள்வதும் உண்டு.

சின்னத் தொழில்காரர்கள் அரசாங்க ஒப்பந்தங்களுக்கும் மானியங்களுக்கும் போட்டி போட உதவி செய்ய வேண்டும் என்று அரசாங்கமே ஓர் ஆளையும் நியமித்திருந்தது. ஒரு கையால் பூட்டிய கதவை இன்னொரு கையால் தட்டிப் பார்ப்பது அரசாங்கங்களுக்குப் பிடித்த வேலை. நியமனமானவள் கெலெரா. வலைக் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேசை, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. தலைநகர் சுவாவில் அரசாங்க டெண்டர் பிரிவில் பல வருடம் இருந்தவள் என்பதால் அவளுக்கு எல்லாப் பாதைகளும் நேராகவே இருந்தன. விலை எப்படிப் போடுவது, வரிச் சான்றிதழ் எங்கே வாங்குவது, கேள்விக்குப் பதில் எழுதும்போது எங்கே நிறுத்திக்கொள்வது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். காலையில் குடையோடு மலைச்சரிவில் இறங்கி அந்த அறைக்கு நடக்கிற நடைதான் அவள் வாழ்க்கையிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது. மற்றவர்களின் உறையைத் தானே கொண்டுபோய்ப் போடவும் முயன்று பார்த்தாள். யாருடைய உறையோ, அவர்கள் வீட்டில் போய் நின்றாள். செத்தாரெக்கியின் உறையை எடுத்துக்கொண்டு மஞ்சள் கட்டடத்தின் படியேறிய அன்று, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், கால் நனையாமல் அவன் வீட்டுப் பாயில் நின்றாள்.

"வா அத்த மகளே, டீ ரெடி. கடல நடந்தே தாண்டிட்டியா?" என்றான் செத்தாரெக்கி.

"வாய மூடிட்டுப் படக எடு. ஆபீஸ்ல ஆள் காத்துக் கெடக்கு."

செத்தாரெக்கி படகுக்காரன். அவன் கிராமத்துப் பிள்ளைகள் பால்பல் விழுந்த நாளிலிருந்து மீசை முளைக்கிற வரைக்கும் அவன் படகில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். கூலியாகச் சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, எப்போதாவது ஒரு கோழி. அதை அரசாங்கம் அனுபவமாகச் சேர்க்காது, ஏனென்றால் கோழிக்கு ரசீது கிடையாது. இப்போது பள்ளிப் படகுக்கு அரசாங்கமே டெண்டர் கேட்டிருந்தது. ஏதாவதொரு தலைநகரத்துக் கம்பெனிக்கு ஒப்பந்தம் போய்விட்டால் அவர்களுடைய பெரிய படகு பவளத்திட்டின் இடுக்கில் நுழையாது. பிள்ளைகள் மலையேறி நடக்க வேண்டும், சின்னதுகள் பாதியிலேயே பள்ளியை விட்டுவிடும். செத்தாரெக்கி படகை விற்றுவிட்டு, அண்ணன்மார் போலவே சுவாவில் ஏதோ ஒரு கடை வாசலில் காவல்காரனாக நிற்க வேண்டும். "ஒரு புள்ளையக்கூட நனையவிட்டதில்ல. அதுக்குப் பேரு அனுபவம் இல்லன்னா வேற என்ன?" என்று அவன் கெலெராவிடம் கேட்டான்.

அப்போதுதான் அவளுக்குப் பெனையாவின் நினைப்பு வந்தது. பெனையாவுக்குச் சரக்குப் படகுகள் இருந்தன, தீவுகளுக்கு அரசாங்க அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் பல வருடம் ஓட்டியவன். செத்தாரெக்கிக்கு மச்சான் முறை. மச்சான்கள் ஒருவரையொருவர் என்ன கிண்டல் செய்தாலும் கோபப்படக்கூடாது, என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அப்படி உரிமையோடு கேட்பதற்கு அந்த ஊரில் கெரெகெரெ என்று பெயர். பெனையாவைக் கூட்டாளியாகப் போட்டு ஒரு கையெழுத்து வாங்கினால் போதும் என்பதுதான் கெலெராவின் கணக்கு. ஆனால் பெனையா நழுவிவிடக்கூடாதே என்று, "கெரெகெரெயாவே கேட்டுடு" என்று செத்தாரெக்கியிடம் சொல்லி அனுப்பினாள். அவள் செய்த தவறு அவ்வளவுதான். அந்த மண்ணில் பிறந்தவள் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

பெனையா வீட்டில் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் ஒரு சுற்று வந்தது. "என்ன மச்சான், நண்டு பிடிக்கிறவன் கப்பல் கம்பெனி வைக்கப் போறானாமே?" என்று பெனையா தொடங்கினான்.

"ஒங் கப்பல் தண்ணியில இருக்கறத விடக் கரையில கெடக்கறதுதானே ஜாஸ்தி? அதான் ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு." செத்தாரெக்கி கிண்ணத்தைக் கீழே வைத்தான். "கெரெகெரெ மச்சான். ஒன் அரசாங்க அனுபவத்தக் குடு."

"பூ, இவ்வளவுதானா? எஞ்சினக் கேட்டுருவியோன்னு வயித்தக் கலக்கிருச்சு. எடுத்துக்கோ!" என்று பெனையா சிரித்துக்கொண்டே கைதட்டினான். கைதட்டினால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

கெரெகெரெயில் கடன் என்பது கிடையாது, கேட்டது போனதுதான். மறுநாள் காலை செத்தாரெக்கி நேரே நடந்து படியேறி உறையைப் பெட்டியில் போட்டான். சிமெண்ட் மூட்டைக்கு எந்தச் சன்னலில் பணம் வாங்குவது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒப்பந்தம் கிடைத்தது. அதே காலையில் பெனையா தனக்கு வர வேண்டிய அரசாங்கப் பாக்கியை வாங்கக் கிளம்பித் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். முதல் நாள் சிரித்தான். அந்த வாரம் முழுக்கச் செருப்பு தேய நடந்தான். பிறகு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன, படகுகள் கரையேறின, செத்தாரெக்கி விளையாட்டாய்ச் சொன்னது பலித்துவிட்டது. பெனையா வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

செய்தி கேட்டு கெலெரா ஓடினாள். பெனையா அவளுக்குப் பெரியம்மா மகன், அண்ணன் முறை. அந்த ஊரில் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அதனால் அவன் உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, அவன் மனைவி வாசேமதாதான் பேசினாள்.

"வா நாத்தனாரே. உங்க அண்ணன் செவுத்த எண்ணிட்டிருக்காரு. நாலுதான் இருக்கு, இன்னும் முடியல."

"மச்சான்கிட்ட திருப்பிக் கேக்கச் சொல்லுங்க அண்ணி."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா? அதுக்குப் பதிலா மனுசன் கடல்ல விழுவாரு." வாசேமதா சிரிப்பை நிறுத்தினாள். "புள்ளைங்க படகையும் நிறுத்தச் சொல்றியா? வேண்டாம். அதான் ஒன் அரசாங்க அனுபவத்த அவருக்காக ஒங்கிட்ட கேக்கறேன். கெரெகெரெ."

இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடத்தான் கெலெராவுக்கு மனசு துடித்தது. காலை நடையும், குடையும், முனகும் மின்விசிறியும், மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களும் கண்ணில் வந்து நின்றார்கள். ஆனால் கேட்டது அண்ணி, கேட்க வைத்தது தன்னுடைய யோசனை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த அகன்ற முதுகை ஒரு தடவை பார்த்தாள். கைதட்டினாள். உள்ளே பெனையா தொண்டையைச் செருமினான். தங்கைக்கு ஒரு அண்ணன் அவ்வளவுதான் நன்றி சொல்ல முடியும்.

மறுநாள் பெனையா மஞ்சள் கட்டடத்துக்கு நேரே போய்ச் சேர்ந்தான். கெலெரா மலைச்சரிவில் இறங்கினாள், வலைக் கடையின் மாடிப்படி ஏறினாள், தன் சமையலறைக்குள் நின்றாள். அடுப்பில் தேநீர்க் கெட்டில் இன்னும் சூடாக இருந்தது. அழுதாள், சத்தம் போட்டே அழுதாள், அக்கம்பக்கத்தில் கேட்டது. விண்ணப்பத்தில் முதல் கேள்வி என்ன என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போக முடிந்தது, தன்னுடைய வேலைக்கு மட்டும் போக முடியவில்லை. அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று சுவாவிலிருந்து கேட்டார்கள், பிறகு வேறு ஒருவரை அனுப்பினார்கள். அவருக்குப் பாதை நேராக இருந்தது, ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் தெரியவில்லை. அது கெலெராவுக்குத் தெரியும். ஆகவே ஆட்கள் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

பள்ளிப் படகின் ஒப்பந்தம் ஐந்து வருடம் ஓடி முடிந்த அன்று செத்தாரெக்கி ஒரு பெரிய மீனோடு வந்தான். இப்போது அவனுக்குச் சொந்த அனுபவமே இருந்தது. மச்சான் கொடுத்தது உபரி. மீனைக் கீழே வைத்துவிட்டு அவன் நிமிரவில்லை.

"கேளு அத்த மகளே. நீ கேட்டா நான் குடுத்துதான் ஆகணும். இதுக்காகத்தான் வந்தேன். கேளேன்."

கெலெரா வாயைத் திறந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது, வேறெதுவும் அவ்வளவு வேண்டியிருந்ததில்லை. வீட்டு வாசற்படியில் லோசலினியும் உட்கார்ந்திருந்தாள், மடியில் உறை. அந்த மாதம் அவள் மிஷினைப் பார்க்க இரண்டு பேர் விலை பேசி வந்து போயிருந்தார்கள். அவள் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"இவங்கம்மா ஒங்க ஊர்க்காரி. நீ இவளுக்கு மாமன் மொறை," என்றாள் கெலெரா. பிறகு லோசலினியின் பக்கம் திரும்பி, "கேளுடி," என்றாள்.

லோசலினி கேட்டாள். செத்தாரெக்கி கெலெராவைப் பார்த்துவிட்டுக் கைதட்டினான்.

இப்போது செத்தாரெக்கியின் படகில் போகும் பிள்ளைகள் லோசலினி தைத்த சீருடையில் போகிறார்கள். லோசலினிக்குச் சொந்த வருடங்கள் சேர்ந்ததும் உபரி புல் வெட்டுகிறவருக்குப் போனது, அவரிடமிருந்து ரொட்டி சுடும் இரட்டைச் சகோதரிகளுக்கு, அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு. ஒவ்வொரு தடவையும் கெலெராவையே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் படியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காலையில் கீழே பள்ளிப் படகின் ஹாரன் கேட்டதும் அவள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள். சந்தையில் எல்லோரும் காலை வணக்கம் சொல்கிறார்கள், வலைக் கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவள் மாடிப்படி ஏறித் தன் வீட்டுக்கு வந்து, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, படியில் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் போட உள்ளே போகிறாள்.